நான்கு, பதினொன்று, பதினேழு

தாவ் கைமிங்குக்கும் எனக்கும் முதல் நாளிலிருந்தே ஆகாது. நிங்போவுக்குத் தெற்கே, கடலை ஒட்டிய எங்கள் ஊரில், ருவான் முதலாளியின் கேஸ் அடுப்புத் தொழிற்சாலையில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் அறையில் நாங்கள் நான்கு பேர். தாவ் எங்களுக்குத் தலைவன். ஷாங்காயில் ஆங்கிலம் படித்துப் பட்டம் வாங்கியவன். ஆங்கிலத்துக்கான மிக உயர்ந்த தேர்வு எட்டாம் நிலை; அதில் தேறிய சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தான். நான் பெங் சூலான். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்துவிட்டு மீதி ஆங்கிலத்தை கேசட் கேட்டுக் கற்றுக்கொண்டவள்.

நான் தொலைபேசியில் ஆங்கிலம் பேசினால், வைத்த கையோடு என் உச்சரிப்பை அப்படியே பேசிக் காட்டுவான். மற்ற இரண்டு பெண்களும் சிரிப்பார்கள். நானும் சும்மா இருந்தவள் இல்லை. ஒருமுறை அவன் எழுதிய கடிதத்தில் ஐந்து பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டு நேராக முதலாளியின் மேசையில் வைத்தேன். அதை அவன் கடைசிவரை மறக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து மார்ச்சில் நெதர்லாந்து கம்பெனியிலிருந்து பரிசோதகர் ஒருத்தி வந்தாள். இருபது அம்சங்கள் கொண்ட பட்டியலோடு இரண்டு நாள் பட்டறை முழுக்க நடந்தாள். போகும்போது ஒரே ஒரு பக்க அறிக்கையைக் கொடுத்துவிட்டுப் போனாள். முதலாளி எல்லா மேஸ்திரிகளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தாவை அதைப் படித்துச் சொல்லச் சொன்னார். மற்றவை சரி, நான்காவது, பதினோராவது, பதினேழாவது அம்சங்கள் மூன்றும் அவுட்ஸ்டாண்டிங் என்று எழுதியிருக்கிறது என்றான். அப்படியென்றால் என்ன என்று முதலாளி கேட்டார். மிகச் சிறப்பானது, ஊரிலேயே தனித்துத் தெரிவது என்றான் தாவ்.

எங்கள் நாட்டில் ஆங்கிலம் படிப்பவர்கள் எல்லோருக்கும் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். பள்ளியில் கொடுக்கும் சொற்பட்டியலில் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் ஒரே ஒரு சீனப் பொருள். அதை உருப்போட்டுத்தான் லட்சக்கணக்கானோர் தேர்வில் தேறினோம்.

நான்காவது அம்சம் கேஸ் குழாய் இணைப்பு. பதினோராவது, தீ அணைந்துபோனால் கேஸைத் தானாக நிறுத்தும் வால்வு. பதினேழாவது, தீயைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேலுள்ள எழுத்து. முதல் இரண்டும் குவோ மேஸ்திரியின் பிரிவு. ஐம்பது வயது மனிதர், அதிகம் பேசாதவர். வால்வு புது இடத்திலிருந்து வருகிறது, எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவர் அதற்கு முந்தின வாரம்தான் முதலாளியிடம் முறையிட்டிருந்தார். அன்று தாவ் சொன்னதைக் கேட்டதும் தலையைச் சொறிந்தபடி, வெளிநாட்டம்மாவே மெச்சிவிட்டுப் போன பிறகு நான் சந்தேகப்படுவது தப்பு என்று எழுந்து நின்று சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை ஆலை வாசலில் 'மூன்று சிறப்புகள் கண்ட நம் தொழிலாளர்களுக்கு வாழ்த்து' என்று சிவப்புத் துணி தொங்கியது. அந்த ஆர்டரிலேயே ஓர் அடுப்பை எடுத்து, ரிப்பன் கட்டி, குவோ மேஸ்திரிக்குப் பரிசாகக் கொடுத்தார் முதலாளி.

அன்று பிற்பகல், மார்ச் பன்னிரண்டு, கோப்பில் சேர்ப்பதற்காக அறிக்கை என் கைக்கு வந்தது. மூன்று அம்சங்களும் அவுட்ஸ்டாண்டிங், கப்பலேற்றும் முன் உறுதிசெய்யவும் என்று இருந்தது. சிறப்பாக இருப்பதை எதற்கு உறுதிசெய்ய வேண்டும்? முந்தின வருடம் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் அவுட்ஸ்டாண்டிங் ஆவணங்களை அனுப்புங்கள் என்று எழுதியபோது, இருப்பதிலேயே அழகாக அச்சான தாள்களை அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். நிலுவையில் நிற்பது, இன்னும் தீராதது என்று அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அந்தப் பெண் பாராட்டவில்லை. மூன்று குறை பாக்கி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.

அந்த வரியின் கீழ் கோடு போட்டு, தேதியும் எழுதி, தாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மெதுவாகத்தான் சொன்னேன். அவன் வேண்டுமென்றே குரலை உயர்த்தினான்.

"இத எந்த கேசட்ல கேட்ட? ஏ பக்கமா, பி பக்கமா?"

"அகராதியில ரெண்டாவது பொருளா இருக்கு. நீயே பாரு."

"நான் எட்டாம் நிலை பாஸ் பண்ணவன். நீ எனக்கு அகராதி காட்டுறியா? போ, போய் போர்டுல எழுது. அவுட்ஸ்டாண்டிங்னா மிகச் சிறப்பானதுன்னு இருபது தடவ எழுது. அப்பவாவது மண்டைல ஏறுதான்னு பாப்போம்."

மற்ற இருவரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். நான் எழுதவில்லை. ஆனால் இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தபோது எனக்குள் ஏதோ கெட்டிப்பட்டுவிட்டது. நேராக முதலாளியிடம் போயிருக்கலாம். மாடிக்கு இருபது படிதான். போகவில்லை. சரக்கு இருபத்தொன்றாம் தேதி கப்பல் ஏறும். அங்கே போய் இறங்கட்டும், அவர்கள் கொதித்துப்போய் எழுதட்டும், அந்தக் கடிதத்தை இவனே எல்லோர் முன்னாலும் மொழிபெயர்க்கட்டும் என்று நினைத்தேன். கோடு போட்ட தாளை மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்துப் பூட்டினேன். அங்கே இன்னொரு முறை சோதிக்காமலா விற்பார்கள் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். குவோ வீட்டுக்குப் போன அடுப்பு என் நினைவுக்கே வரவில்லை. இப்படித்தான் இன்றுவரை சொல்லி வருகிறேன். வந்தும் தள்ளிவிட்டேனோ, தெரியவில்லை.

பதினெட்டாம் தேதி மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் சேதி கேட்டேன். காலையில் குவோ மேஸ்திரியின் மனைவி சியூஃபன் புது அடுப்பில் கஞ்சி வைத்திருக்கிறார். பொங்கி வழிந்து தீ அணைந்துவிட்டது. அணைந்தால் கேஸ் தானாக நிற்க வேண்டும், நிற்கவில்லை. துணி எடுக்க உள்ளே போனவர் திரும்பி வந்து மறுபடி பற்றவைத்திருக்கிறார். வலது கையும் கழுத்தும் வெந்துபோய் மாவட்ட மருத்துவமனையில் கிடக்கிறார்.

நான் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். இழுப்பறையைத் திறந்து தாளையும் அகராதியையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். முதலாளி தாவையும் மற்ற இருவரையும் வரச்சொன்னார். அகராதியைத் தானே வாங்கி, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். பின்பு தாவைப் பார்த்தார்.

தாவின் முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் விடவில்லை. இந்தச் சந்தேகத்தை அவள் என்னிடம் சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் பார்த்திருக்க மாட்டேனா என்றான். மற்ற இரு பெண்களையும் முதலாளி கேட்டார். எங்களுக்குத் தெரியாது என்றார்கள் இருவரும். எனக்குத் தலைக்கேறிவிட்டது. கோடு போட்ட தாளை அவர் முன்னால் வைத்து, இதோ என் கையெழுத்து, இதோ தேதி, அன்றே சொன்னேன் என்றேன்.

அவர் தேதியைப் பார்த்தார்.

"பன்னெண்டு," என்றார். "இன்னிக்கு பதினெட்டு. இவன் மடையன், புரியாம கெடுத்தான். நீ புரிஞ்சுகிட்டு ஆறு நாள் கூடவே உக்காந்திருக்க. எதுக்கும்மா?"

அவமானப்படுத்தினான் என்று ஆரம்பித்தேன். முடிக்க விடவில்லை. கையால் வாசலைக் காட்டினார்.

மூன்று கன்டெய்னர்கள் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்தன. வாசல் துணியை அன்றே இறக்கினார்கள். வால்வுகளைச் சோதித்ததில் எட்டுக்கு ஒன்று பழுது. தாவ் அந்த வார முடிவிலேயே வேலையை விட்டான். சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றித் தாளில் சுற்றும்போது என் பக்கம் திரும்பாமலே, "நான் தெரியாம செஞ்சேன், சூலான். அத வச்சு நான் எங்கயும் தூங்கிருவேன். நீ எப்படித் தூங்குறன்னு பாப்போம்," என்றான்.

அவன் நாற்காலியை முதலாளி எனக்குத்தான் கொடுத்தார். அன்பினால் அல்ல. உன் மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் படிக்கத் தெரிந்தவள் இங்கே நீ ஒருத்திதான் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்.

சியூஃபன் வீடு திரும்பிய பிறகு ஒரு பை நிறைய ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவரே கதவைத் திறந்தார். கை முழங்கை வரை கட்டு. என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"அக்கா, மன்னிச்சிருங்க," என்றேன்.

"எனக்கு ஒன்னே ஒன்னு சொல்லு. ரிப்பன் கட்டி அந்த அடுப்ப அவரு தூக்கிட்டு வந்தப்ப நீ ஆலை வாசல்ல நின்னு பாத்தியா?"

"பாத்தேன்."

"சிரிச்சியா?"

அன்று அடுப்பைச் சைக்கிளில் கட்ட முடியாமல் குவோ திண்டாடியபோது எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்திருந்தேன். ஆமாம் என்றேன். சியூஃபன் பையைக் காலால் படிக்கட்டுப் பக்கம் நகர்த்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

குவோ மேஸ்திரி ஏப்ரலில் வேலைக்குத் திரும்பினார். என் வணக்கத்துக்கு அவரிடமிருந்து பதில் வராது. ஆனால் எந்த நாட்டிலிருந்து எந்த அறிக்கை வந்தாலும் நேராக என் அறைக்கு வந்து எதிர் நாற்காலியில் உட்காருவார். ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் எடுத்துக் காட்டச் சொல்வார். அதற்கு எத்தனை பொருள் உண்டோ அத்தனையையும் சீனத்தில் சொல்ல வேண்டும். தன் கோணல் எழுத்தில் அவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். கீழே என் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வார். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதன் பிறகு நான் அங்கே வேலை பார்த்த மூன்று வருடமும் "அடுத்தது" என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதையும் அவர் என்னிடம் பேசியதில்லை. நான் அடுத்த சொல்லை எடுப்பேன்.