தட்டிப் பார்த்த நாற்பது

பகல் பன்னிரண்டரை மணிக்கு அந்தக் கூடு பிளந்தது. யாரும் தொடவில்லை, யாரும் இடிக்கவில்லை. உள்ளே மெழுகுவத்தி அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. சுற்றியிருந்த கண்ணாடி மேலிருந்து கீழாக ஒரு கோடு விட்டு, இரண்டு துண்டாகி மேசைமேல் சாய்ந்தது. விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கலாம் என்று போனைத் தூக்கியிருந்த என் நாத்தனார், தூக்கிய கையை இறக்காமல் அப்படியே நின்றாள்.

"அண்ணி, இது எந்தச் செட்டு?"

எந்தச் செட்டு என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியே நீலப் பெயின்ட் அடித்து, வெளிச்சம் வருவதற்காகப் பெயின்டைக் குட்டிக் குட்டி நட்சத்திரமாகச் சுரண்டி விட்ட கூடு. பள்ளிக்கூடத்து ஆர்டருக்காக நாற்பத்தொன்று செய்தோம். நாற்பது நேற்றே போய்விட்டது. மிஞ்சிய ஒன்று இது. இன்று நாலு மணிக்கு ஆண்டு விழா. நாற்பது பிள்ளைகள் ஆளுக்கொரு கூட்டை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, உள்ளே சுடர் எரிய, இருபது நிமிடம் பாடப் போகிறார்கள். இரண்டாவது வரிசையில் நாத்தனாரின் மகளும் நிற்பாள். எட்டு வயது.

"தட்டிப் பாத்தீங்கதானே?"

"தட்டாம அனுப்புவேனா? என்னடி கேள்வி இது? நீ ஒழுங்கா வெட்டினியான்னு முதல்ல அதைப் பாரு."

எனக்குப் பயம் வந்தால் அதற்கு முன்னால் கோபம் வந்து நின்றுகொள்ளும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லோருக்கும் என் கோபம் பழக்கம். அதனால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. நாத்தனாரும் பார்க்கவில்லை. உடைந்த துண்டுகளைப் பழைய துணியில் சுற்றிக் குப்பையில் போட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தக் கட்டிய அறைதான் எங்கள் பட்டறை. கடைசிவரை கார் வரவில்லை, பாட்டில்கள் வந்தன. பழைய சாமான் கடையிலிருந்து காலி பாட்டில்களை மூட்டையாக வாங்குவோம். ஊற வைத்து லேபிளை உரிப்பது இரண்டு பேருமாக. வெட்டுவது அவள். பாட்டிலைப் படுக்க வைத்து உருட்டி, கண்ணாடி வெட்டும் சக்கரத்தால் சுற்றிலும் ஒரு கீறல் போடுவாள். கீறல்மேல் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், உடனே பச்சைத் தண்ணீர், மறுபடி வெந்நீர். பாட்டில் கீறலோடு இரண்டாகக் கழன்றுகொள்ளும். கழுத்துப் பக்கத்தை ஒதுக்கிவிட்டு, அடிப்பாகத்தின் விளிம்பை உப்புத்தாளால் மழமழவென்று தேய்த்தால் மெழுகுவத்தி வைக்கிற கூடு தயார். ஆனால் இந்த வெந்நீர் வைத்தியத்தில் சில பாட்டில்களுக்கு விளிம்பிலிருந்து மயிரிழை மாதிரி ஒரு விரிசல் உள்ளே இறங்கிவிடும். கண்ணுக்கு லேசில் அகப்படாது. சூடு நன்றாக ஏறிய பிறகுதான் தன் வேலையைக் காட்டும்.

அதைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு. பென்சிலால் விளிம்பில் லேசாகத் தட்டினால் நல்ல கூடு மணி மாதிரி இழுத்துப் பாடும். விரிசல் விட்டது 'டொக்' என்று நின்றுவிடும். அவ்வளவுதான் வித்தை. வாங்க வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க அண்ணிக்குப் பாம்புச் செவி, அவங்க காதைத் தாண்டி ஒரு விரிசல் போகாது" என்று நாத்தனார் பெருமையடித்துக்கொள்வாள். நானும் பெரிய மனுஷி மாதிரி சிரித்துக்கொண்டு நிற்பேன்.

எட்டு மாதமாக எனக்கு அந்த மணி கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் இருபது கூடு தட்டினேன், இருபதும் டொக் என்றது. எல்லாமே எப்படி விரிசல் விடும் என்று ஒரு கணம் நினைத்தேன். அடுத்த கணம் விஷயம் புரிந்தது: பேச்சு கேட்கிறது, அந்த மெல்லிய மணி ஓசை மட்டும் என் காதில் விழவில்லை. அதன் பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தும், விளிம்பை நகத்தால் தடவியும் ஒப்பேற்றிக்கொண்டு வந்தேன். ஆனால் பென்சிலால் தட்டுவதை நிறுத்தவில்லை. நாத்தனார் பார்க்க வேண்டுமே! தட்டுவேன், தலையை ஒரு பக்கம் சாய்ப்பேன், "சரி" என்பேன். நாடகக் கம்பெனியில் சேர்ந்திருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்பேன். டிவியை ஏன் இப்படி அலற விடுகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேட்டபோதுகூட, உங்களுக்குத்தான் வயசாகிறது, சத்தம் தாங்கவில்லை என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் பட்டறையில் எனக்கு என்ன மிச்சம்? லேபிள் உரிக்கிற வேலைதானே? அந்த நினைப்பே எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த நாற்பத்தொன்றும் அடர்ந்த பழுப்புப் பாட்டில். வேலை நடந்த மூன்று நாளும் ஒரே மேகமூட்டம். தூக்கிப் பார்த்தால் பழுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தட்டினேன், தலையைச் சாய்த்தேன், சரி என்றேன்.

"கிளம்புங்க அண்ணி," என்றாள் நாத்தனார், ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு. "ஒண்ணு தப்பியிருந்தா இன்னொண்ணும் தப்பியிருக்கும். இன்னும் நேரம் இருக்கு. நாப்பதையும் நீங்க மறுபடி ஒரு தடவை தட்டிப் பாத்துட்டா எனக்கு நிம்மதி."

வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தேன். ஸ்கூட்டர் சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அப்போதும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்து அரங்கில் ஜன்னல்களுக்கு எல்லாம் கறுப்புத் துணி கட்டியிருந்தார்கள். மேடைக்குக் கீழே ஒரு நீள மேசையில் எங்கள் நாற்பது கூடுகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் பிள்ளையின் பெயர் எழுதிய சீட்டு. மேடையில் பிள்ளைகள் கத்திக்கொண்டும் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டும் இருந்தார்கள். பாட்டு டீச்சருக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. நாத்தனார் போய் விஷயத்தைச் சொன்னதும் டீச்சர் முகம் மாறியது.

"உடையுமா? பிள்ளைங்க கையில வெச்சிருக்கறப்பவா?"

"ஒண்ணும் ஆகாது டீச்சர். எங்க அண்ணி தட்டிப் பாத்துட்டா போதும். அவங்க சொல்லிட்டாங்கன்னா அதுக்கு அப்புறம் கவலையே இல்ல."

டீச்சர் தன் காதோரத்திலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் முதல் கூட்டைத் தூக்கினேன். தட்டினேன். டொக். சரி என்று இடது பக்கம் வைத்தேன். இரண்டாவது, டொக். மூன்றாவது, டொக். பெயின்ட் அடித்துவிட்டதால் இப்போது கண்ணும் உதவவில்லை. நகத்தால் விளிம்பைத் தடவினால் பெயின்ட் திட்டுதான் தட்டுப்பட்டது. மேடைமேல் நாத்தனார் மகள் என்னைப் பார்த்துக் கையாட்டினாள். பக்கத்துப் பிள்ளையிடம் ஏதோ சொல்லி என்னைக் காட்டினாள். எங்க அத்தை என்று சொல்லியிருப்பாள்.

ஒன்பதுவரை சரி என்று வைத்துவிட்டேன். பத்தாவதைக் கையில் எடுத்தபோது அடியில் இருந்த பெயரைப் படித்துவிட்டேன். அந்தப் பிள்ளை இந்தக் கண்ணாடியைத்தான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கும், சுடச்சுட. அது புத்தியில் ஏறிய பிறகும் நான் உண்மையைச் சொல்லவில்லை. வேறொன்று சொன்னேன்.

"இந்தக் கூச்சல்ல எப்படிக் கேக்கும்? சந்தைக்கடையாட்டம் இருக்கு!"

சொல்லி முடிப்பதற்குள் டீச்சர் இரண்டு முறை கையைத் தட்டினார். "எல்லாரும் வாயில விரல்!" என்றார். நாற்பது பிள்ளைகளும் வாயில் விரல் வைத்தார்கள். நாற்காலி இழுத்துக்கொண்டிருந்த ஆயா இழுப்பதை நிறுத்தினார். யாரோ ஓடி மின்விசிறிகளைக்கூட அணைத்தார்கள். அவ்வளவு பெரிய அரங்கில் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தட்டினேன்.

டொக்.

மறுபடி, கொஞ்சம் பலமாக. டொக். கூட்டைக் காதோடு ஒட்ட வைத்துத் தட்டினேன். டொக். நாத்தனார் குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் இன்னும் நம்பிக்கைதான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

"என்ன அண்ணி? இது நல்லாத்தானே இருக்கு? எனக்கே கேக்குதே, ணிங்னு."

"உனக்குக் கேக்குதா?"

"ஏன், உங்களுக்கு?"

"எனக்குக் கேக்கலடி," என்றேன். அவள் ஒருத்திக்கு மட்டும் கேட்கும்படி சொன்னதாகத்தான் நினைத்தேன். என் குரல் இப்போது எவ்வளவு சத்தமாக வருகிறது என்று எனக்கு எங்கே தெரிகிறது? முதல் வரிசைப் பிள்ளைகள் வாயிலிருந்து விரலை எடுத்துவிட்டார்கள்.

நாத்தனார் என் கையிலிருந்த பென்சிலை உருவிக்கொண்டாள். நான் சரி என்று இடது பக்கம் வைத்த ஒன்பதிலிருந்து ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதைத் தட்டியதும் டீச்சரும் அவளும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள். நாத்தனார் அந்தக் கூட்டை இரண்டு கையிலும் பிடித்து, பிள்ளைகள் பிடிப்பது மாதிரியே பிடித்து, லேசாக அழுத்தினாள். அது பிளந்தது. அவள் கட்டைவிரலில் ஒரு சிவப்புக் கோடு கிளம்பி மணிக்கட்டை நோக்கி ஓடியது. அடியில் ஒட்டியிருந்த பெயர் யாரோ ஒரு பிள்ளையுடையது. அது எந்தப் பிள்ளை என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாற்பதில் நாலு தேறவில்லை. டீச்சர் நல்லவற்றையும் தானே ஒரு முறை தட்டிப் பார்த்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டாம்" என்றார். "எதுவும் வேண்டாம். பிள்ளைங்க சும்மா நின்னு பாடட்டும். நெருப்பும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம்." மேடையிலிருந்து எழுந்த முணுமுணுப்பு எனக்கே கேட்டது. ஒரு மாதமாக அவர்கள் வெறும் டம்ளரை ஏந்தி ஒத்திகை பார்த்தவர்கள். நாத்தனார் மகள் என்னைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. கோபம் வரவில்லை, வந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

நாத்தனார் விரலில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு என்னை வெளி வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்த மர பெஞ்சில் உட்கார வைத்தாள். என் எதிரே நின்று, என் கண்ணைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"எத்தனை மாசமா?"

"எட்டு."

"எட்டு மாசத்துல நாம எத்தனை கூடு வித்திருக்கோம், தெரியுமா?"

நான் கூட்டிப் பார்த்தேன். கூட்டி முடிக்க மனம் வரவில்லை. "முந்நூறு இருக்கும்."

"முந்நூறு வீடு அண்ணி. ராத்திரி ஏத்தி வெச்சுட்டுத் தூங்கிடறவங்க இருப்பாங்க. குழந்தை இருக்கற வீடு இருக்கும்." அவள் விரலில் இருந்த கைக்குட்டையை இறுக்கிக் கட்டினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே தட்டிப் பாத்திருப்பேனே. அதுல என்ன பெரிய வேலை இருக்கு? யாருக்கு வேணும் உங்க காது?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் எட்டு மாதமாக நான் பயந்துகொண்டிருந்ததே அதற்குத்தான்.

"தப்புதான்," என்றேன். "என்னைத் திட்டு."

"திட்ட நேரமில்ல." போனை எடுத்தாள். வாங்கினவர்களின் எண்கள் எல்லாம் அதில் இருந்தன. மேலிருந்து முதல் எண்ணைத் தொட்டு, போனை என் பக்கம் நீட்டினாள்.

"நீ பேசேன்."

"இல்ல. நீங்கதான் சொல்லணும்."

"போன்ல அவங்க பேசறது எனக்குப் புரியாதுடி."

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். அவங்க சொல்றதை நான் உங்களுக்குச் சொல்றேன். செஞ்சதை நீங்க சொல்லுங்க."

உள்ளே ஒத்திகைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது போலிருக்கிறது, பெஞ்சுப் பலகை லேசாக அதிர்ந்தது. போன் திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"வணக்கங்க," என்றேன். "நீங்க எங்ககிட்ட வாங்கின கண்ணாடிக் கூடு இருக்கில்லையா, நீலமும் பச்சையும்? அதுல தயவுசெஞ்சு இனிமே மெழுகுவத்தி ஏத்தாதீங்க. நாங்க வந்து வாங்கிட்டுப் போறோம்."

போன் ஏதோ முணுமுணுத்தது. நான் நாத்தனார் வாயைப் பார்த்தேன்.

"நல்லாத்தானே இருக்குன்னு சொல்றாங்க," என்றாள் அவள். "ஏன்னு கேக்கறாங்க."

நான் போனைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"அதைத் தட்டிப் பாத்து நல்லதுன்னு அனுப்பினது நான்," என்றேன். "எனக்குக் காது கேக்காதுங்க."