குழுவில் வைத்த சூப்

எங்கள் தேஜோன் நகரில் பிறந்தநாள் காலையில் கடற்பாசி சூப் குடிக்காதவரைப் பார்த்தால், வீட்டில் யாருமே இல்லையா என்று கேட்பார்கள். ஏரானின் பிறந்தநாளுக்கு அவள் கணவர் கியுசோல் சூப் வைக்கவில்லை. எங்கிருந்தோ எடுத்த சூப் படத்தை, ‘என் மனைவிக்காக, என் கையால்’ என்று குடும்பக் குழுவில் போட்டார். மாமியார் முதல் ஒன்றுவிட்ட நாத்தனார் வரை அவரை மெச்சித் தள்ளினார்கள். ஏரான் வெறும் சோற்றைத் தின்றாள். ‘கைப்பேசியால் நெருங்கும் குடும்பங்கள்’ என்று ஊர் ஊராய்ச் சொற்பொழிவாற்றும் மனிதர், எதிரே இருந்தவளை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அவர் பிறந்தநாளும் வந்தது. ஏரான் அதே படத்தைக் குழுவில் போட்டாள். கியுசோல் படுக்கையில் கிடந்தபடியே, ‘அருமை, ரெண்டு கிண்ணம் காலி’ என்று எழுதி, இதயங்களைத் தூவிவிட்டு மேசைக்கு வந்தார்.

“சூப் எங்க?”

“குழுவுல இருக்குங்க. ரெண்டு கிண்ணம் குடிச்சீங்களே, பத்தலையா?”

“விளையாடாத, ஏரான். பசிக்குது.”

“அன்னிக்கு எனக்கும் பசிச்சுது.”

அதற்குள் அவருடைய அம்மா வீடியோவில் வந்துவிட்டாள். “கிண்ணத்தைக் காட்டுடா கண்ணு, மிச்சம் வச்சிருக்கியான்னு பாக்கறேன்.”

கியுசோல் மனைவியைப் பார்த்தார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார், அதுவும் கெஞ்சலாக. ஏரான் பளபளவென்று கழுவிய கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தாள்.

“ஒரு சொட்டு விடலையே,” என்று பூரித்தாள் அம்மா. “மருமகளே, மத்தியானமும் இதையே குடு.”

“சரிங்க அத்தை, இப்பவே அனுப்பிடறேன்,” என்றாள் ஏரான்.