ஏழு மணிப் படகில் போன கையுறைகள்

1958 ஜூன் பதினாறு, திங்கட்கிழமை, காலை ஏழு மணிப் படகில் கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து வெலிங்டன் தீவுக்கு நாற்பத்திரண்டு ஜோடித் தோல் கையுறைகள் ஆட்கள் இல்லாமல் வேலைக்குப் போயின. மழை தூறிக்கொண்டிருந்தது. பையோ மடியோ இல்லாத உருப்படிகள் என்பதால் படகுக்காரர் டிக்கெட் கேட்கவில்லை. தீவில் எழும்பிக்கொண்டிருந்த கிடங்கின் சாரத்தில் ஏறி, செம்பாறை வெட்டுகல்லைக் கைமாற்றி, மத்தியானத்துக்குள் நாலு வரிசை சுவர் வைத்துவிட்டன. அன்றுதான் வேலைநிறுத்தத்தின் முதல் நாள்.

கையுறைகளைத் தேர்ந்தெடுத்தவன் சுள்ளிக்கல்லில் குடியிருந்த திருநெல்வேலிக் கொத்தன் முப்பிடாதி. 1955இல், சுண்ணாம்பு தின்ற உள்ளங்கைகளைக் காட்டிச் சண்டை போட்டு, கான்ட்ராக்டர் செலவில் கையுறை என்று கொத்தர்களும் சிற்றாட்களுமாக நாற்பத்திரண்டு பேரும் சாதித்திருந்தார்கள். உடனே சங்கம் ஒரு கையுறைத் தேர்வு உபகமிட்டி அமைத்தது. தலைவர், சங்கச் செயலாளர் ராமபத்ரன். மைக்கைவிட கனமான எதையும் அவர் ஆயுளில் தூக்கியதில்லை. எறணாகுளம் பிராட்வேயில் முகமது இஸ்மாயிலின் தோல் கடைக்குப் போனதும், மெல்லிய மஞ்சள் ஆட்டுத்தோல் ஜோடியை மாட்டி, கண்ணாடி முன்னால் முஷ்டியை உயர்த்திப் பார்த்தார்.

“மேடைக்கு நன்னா இருக்கும்.”

“மேடையில சுண்ணாம்பு கெடக்காது சார்” என்றான் முப்பிடாதி. அவன் எருமைத்தோலைக் கேட்டு வாங்கி, உட்புறம் வெளியே வரத் திருப்பி, கட்டைவிரல் கவையில் இரட்டைத் தையலா என்று பார்த்தான். தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டான். மடியில் கொண்டுவந்திருந்த வெட்டுகல் துண்டால் உள்ளங்கையை இருநூறு தடவை தேய்த்தான். தோல் சிரித்ததே தவிரக் கிழியவில்லை. “எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி, நீங்க போனாலும் இது இருக்கும்” என்றார் இஸ்மாயில். நல்ல வியாபாரி. உண்மையையே சொன்னார்.

புதுத்தோல் விறைப்பாக இருந்தது. தினம் விளக்கெண்ணெய் பூசி, அக்குளில் வைத்துப் படுங்கள் என்று முப்பிடாதி எல்லாருக்கும் சொன்னான். “தோலு கையப் படிக்கணும்லா?” தோல் படித்தது. எவன் கல்லை எந்தப் பக்கம் பிடிப்பான், எவனுக்கு எந்த விரல் வலிக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்தது. இரண்டாம் வருஷம் கொத்துக்கரண்டியை எடுக்கும் முன்பே விரல்களை விரித்துக் காத்திருந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சங்கத்தை மட்டும் அது படிக்கவில்லை. மாடி அலுவலகத்தில் ராமபத்ரன் தலைவர்களின் படங்களுக்கு விளக்கு ஏற்றுவார். “தோலை உள்ளே கொண்டுவரப்படாது, கேட்டேளா? செருப்போட வெச்சுட்டு வாங்கோ.” மறந்து கொண்டுவந்தவர்களை முப்பிடாதியே அதட்டி இறக்குவான். மூன்று வருஷப் பேச்சுகளில் ஒன்றும் கையுறைகளின் காதில் விழவில்லை.

1958இல் முப்பிடாதிக்குக் கல் எடுத்துக்கொடுக்கும் பிச்சை சாரத்திலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டான். கான்ட்ராக்டர் அவனை நீக்கினார். பிச்சைக்குத் திரும்ப வேலை தரும்வரை ஒருவரும் தீவுக்குப் போவதில்லை என்று ராமபத்ரன் படங்களின் முன்னால் சத்தியம் செய்து, மற்றவர்களையும் செய்யவைத்தார். வெளியே இருந்த கையுறைகளுக்கு யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதலில் படகேறியது பிச்சையின் ஜோடி.

“ஏலே, நில்லுங்க!” என்று முப்பிடாதி துறையில் நின்று கத்தினான். பிடி, தூக்கு, வை என்பவைதான் அவற்றுக்குத் தெரியும். மூன்று வருஷத்தில் நில் என்று அவன் சொன்னதேயில்லை.

நாலாம் நாள், கான்ட்ராக்டர் வீட்டில் சாயா குடித்துவிட்டு வந்த ராமபத்ரன் அவசரக் கூட்டம் போட்டார். உழைப்பவன் எவனோ அவனே தொழிலாளி என்றார். கையுறைகள் உறுப்பினர்களாயின, தோல் தடை நீங்கியது. எண்பத்திநாலும் பெஞ்சுகளில் அமர்ந்தன. சந்தேகம் கேட்கவில்லை, வெற்றிலை துப்பவில்லை, கைதட்டல் மட்டும் பலமாக இருந்தது. ஆட்கள் படிக்கட்டில் செருப்புகளோடு நின்றார்கள்.

பிச்சையை முதுகில் சுமந்து வந்திருந்த முப்பிடாதி வாசலில் நின்று, “சத்தியம் பண்ணினீங்களே சார்!” என்றான்.

“கூட்டம் நடக்கறச்சே வெளியாட்கள் சத்தம் போடப்படாது” என்றார் ராமபத்ரன்.

“எறக்கி விடுலே, அந்த ஆளு மூஞ்சிய முதுகுக்குப் பின்னால இருந்து பாக்க முடியல” என்றான் பிச்சை. பிறகு, தன் கையுறைகள் முன்வரிசையில் உட்கார்ந்து தட்டுவதைப் பார்த்தான்.

அன்று மாலை முப்பிடாதி தன் ஜோடியைக் காயல் தண்ணீரில் எறிந்தான். சோற்று நேரத்துக்கு அவை சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, பழக்கப்படி அவன் அக்குளைத் தேடின.

“நனைஞ்ச தோலு வெறைச்சிரும்” என்றாள் மனைவி பேச்சியம்மாள். “சோறா கேக்குது? எண்ணெய்தான.”

அவன் எண்ணெயை எடுத்தான்.

கையுறைகள் கிடங்கை முடித்து இன்னும் ஐந்து கிடங்குகளை எழுப்பின. பிச்சை பிராட்வேயில் உட்கார்ந்து கப்பைக்கிழங்கு விற்றான். முப்பிடாதி சுள்ளிக்கல்லில் கிடைத்த வீடுகளுக்கு வெறுங்கையால் சுண்ணாம்பு பூசினான். 1966இல் வலது கையுறையின் கட்டைவிரல் தையல் விட்டது. அவன் மெழுகு நூல் வாங்கி, வெந்த விரல்களால் இரட்டைத் தையல் போட்டு, விடிவதற்குள் முடித்துவிட்டான். ஏழு மணிப் படகு யாருக்கும் காத்திருப்பதில்லை.