சின்னது ஏன் சூடாகிறது

"பழசு மாதிரி இது ஓடுமா?"

புதிய கேம் கன்சோல் வந்ததிலிருந்து எங்கள் கடைக்குள் காலெடுத்து வைக்கும் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். வாங்க வந்தவர் கேட்டால் நியாயம். மழைக்கு ஒதுங்கியவரும் கேட்கிறார். தினமும் வந்து எல்லா விளையாட்டையும் ஓசியில் ஆடிவிட்டு எதையும் வாங்காமல் போகும் தாடிக்காரர், பெட்டியைப் பிரிக்கும் முன்பே உதட்டைப் பிதுக்கினார். "என்ன இருந்தாலும் பழசு பழசுதான்." வந்து இறங்கிய சூடு ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

எனக்கு இவ்வளவு பற்றிக்கொண்டு வருவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள்; அக்காவுக்குப் பெயர் பெரிசு, எனக்குச் சின்னது. "பெரிசு சாப்பிட்டாச்சு, சின்னது இன்னும் வரல" என்றுதான் அப்பா பேசுவார். கடையில் பழைய கன்சோலையும் புதிய கன்சோலையும் அவர் அதே பெயர்களில் கூப்பிட ஆரம்பித்தார். இத்தனைக்கும் உருவத்தில் சின்னதுதான் பெருத்தது. அதற்குத் தாடிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு ஒரு ஜோக் அடித்தார். இன்றைக்கு உமக்கு ஆட்டம் கிடையாது என்று கன்ட்ரோலரைப் பிடுங்கி வைத்தேன்.

பெரிசு, அதாவது பழைய கன்சோல், எங்கள் கடையைத் தூக்கி நிறுத்தியது உண்மை. அதை விற்ற பெரிசு, அதாவது அக்கா, கெட்டிக்காரி என்பதும் உண்மை. அவள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு கல்லாவில் உட்கார்ந்தது நான். இப்போது அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் வருகிறது. அதற்குள் கடையை யாரிடமாவது முழுதாக ஒப்படைக்க வேண்டும். நான் குத்துக்கல்லாட்டம் எதிரே இருக்கும்போதே, அக்காவையும் மாமாவையும் வரவழைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். மாமாவுக்குக் கன்ட்ரோலரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

இந்த நிலைமையில்தான் அன்று பேங்குக்குப் போய்விட்டு வந்தேன். உள்ளறையில் அப்பா போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்க, சின்னதை நம்பிக் கடையை ஓட்ட முடியாது. சும்மா சும்மா சூடாகுது. ஒரு வேலைய ஆரம்பிச்சா பாதியிலயே நின்னுடுது. பெரிசு மாதிரி இது உழைக்காதுங்க. நீங்க பெரிசையே அனுப்பி வைங்க. சின்னதை வேணும்னா நீங்களே எடுத்துக்குங்க."

எதிர்முனையில் இருப்பது அக்காவின் மாமனார் என்று முடிவு செய்துவிட்டேன். அந்த வீட்டில் மாமாவுக்குக் கல்யாணமாகாத தம்பி ஒருவன் வேறு இருக்கிறான். பெரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டு சின்னதைத் தள்ளிவிடுகிறாராமே! ஒரே பாய்ச்சலில் போய்ப் போனைப் பிடுங்கினேன்.

"ஐயா, நான் மாத்திக் குடுக்கற சரக்கு இல்ல! உங்க பையனை நீங்களே வச்சுக்குங்க!"

"யாரும்மா பேசறது?" என்றது ஒரு கரகரத்த குரல். "எத்தனை பீஸ் திருப்பறீங்கன்னு அப்பாவைச் சொல்லச் சொல்லு."

மொத்த வியாபாரி. வெளியே தாடிக்காரர் சிரித்த சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும். மானம் போயிற்று, ஆனால் கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

"மெஷினைப் பத்திப் பேசிட்டிருக்கேன்டி" என்றார் அப்பா. "ஒரு டீச்சர் வாங்கிட்டுப் போனாங்கல்ல, திருப்பிக் குடுத்துட்டாங்க. தொட்டா சுடுதாம். பாதி ஆட்டத்துல அணைஞ்சு போகுதாம்."

அது மேசைமேல் இருந்தது. கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு, ஒயர் சொருகும் இடத்தில் மட்டும் கிழித்து.

"இந்தக் கவரை ஏன் பிரிக்கல?"

"நான்தான் வாங்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லி அனுப்பறேன். பிரிக்காதீங்க, புதுசாவே இருக்கும், பின்னாடி வித்தா நல்ல விலை போகும்னு. பெரிசுக்கும் அப்படித்தானே சொன்னோம்? ஒண்ணும் ஆகலையே?"

"பெரிசு முதுகுப் பக்கமா மூச்சு விடும்ப்பா. ஒயர் சொருகறதுக்காக அங்க கவர் கிழிஞ்சிருக்கும். சின்னதுக்கு ரெண்டு விலாவுலயும் ஓட்டை. மூக்கைப் பொத்தி வச்சுட்டு சூடாகுது சூடாகுதுன்னா? சூடாகாம என்ன செய்யும்?"

"ஐயோ, பிரிக்காதே" என்று அவர் சொல்வதற்குள் கிழித்துப் போட்டேன். தாடிக்காரரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஆடுங்கள் என்றேன். ஓசி என்றால் அவருக்குச் சொல்லவா வேண்டும்? சாயங்காலம்வரை ஆடினார். அணையவில்லை. அப்பா நான் பார்க்காத நேரமாகப் பார்த்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"மெஷின் விஷயம் முடிஞ்சுது" என்றேன். "என் விஷயம் என்ன? கடை யாருக்கு?"

அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "பெரிசுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேனேம்மா."

அவ்வளவுதான்.

"கேளுங்க. நல்லாக் கேளுங்க. பெரிசு மெஷின் வந்த புதுசுல பெட்டியெல்லாம் பாத்ரூம் கதவுவரைக்கும் அடுக்கிக் கிடந்துச்சே, அதையும் கேளுங்க. ஆடறதுக்கு உருப்படியா ஒரு கேம் இல்லேன்னு வந்தவன் போனவனெல்லாம் திட்டினானே? அப்பவும் இதே பாட்டுதான், அதுக்கு முன்னாடி வந்தது மாதிரி வருமான்னு. ஸ்டோர் ரூம்ல அக்கா உக்காந்து அழுதா. நான்தான் தண்ணி கொண்டுபோய்க் குடுத்தேன். பழசே வந்த புதுசுல பழசு மாதிரி ஓடலப்பா! அதை எல்லாரும் மறந்துட்டீங்க. அக்காவைக் கடைசியா ஜெயிச்சதை வச்சுப் பாக்கறீங்க, என்னை மட்டும் முதல் வாரத்தை வச்சுப் பாக்கறீங்க. இது என்ன நியாயம்?"

அப்பா போனைக் கையில் எடுத்தார், பார்த்தார், சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தாடிக்காரர்கூட ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா உள்ளே வந்து, புதிய பெட்டியைச் சுட்டிக் காட்டினார். "இது பழசு மாதிரி ஓடுங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"பழசே வந்த புதுசுல பழசு மாதிரி ஓடலைங்க" என்றார், ஏதோ தானே வருஷக்கணக்காக யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி. "வாங்கிட்டுப் போனதும் கவரைப் பிரிச்சிடுங்க. மத்ததெல்லாம் ஓனரம்மாகிட்ட கேட்டுக்குங்க."

அந்த அம்மா யார் ஓனரம்மா என்று கடையைச் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் உள்ளறைக்குப் போய்விட்டார்.

கோபம் தீர்ந்ததா என்றால், இல்லை. அது நான் சொன்ன வசனம். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றேன்.