இடப்பக்கப் பெடல்

பெடல் இரண்டையும் கழற்றினால்தான் சைக்கிளைப் பேருந்தில் ஏற்றுவேன் என்று கிளீனர் ஒற்றைக்காலில் நின்றார். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. நரைத்த மீசை, காதில் செருகிய பேனா. சாமான் அறையின் கதவைத் தலையால் முட்டுக்கொடுத்துக்கொண்டே பேசினார்.

"பெடலோட ஏத்துனா மத்தவங்க பெட்டியெல்லாம் கீறிடும்மா. அப்புறம் அவங்க என்னைக் கீறுவாங்க."

பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, சங்கிலி இருக்கும் வலப்பக்கமாக உட்கார்ந்தேன். நாலு இழுப்பில் பெடல் கையோடு வந்தது. நிமிர்ந்து பார்த்தால், அதற்குள் அவர் என் பையில் கிடந்த இன்னொரு ஸ்பேனரை எடுத்து இடப்பக்கத்துப் பெடலைக் கழற்றி, பழைய செய்தித்தாளில் மருந்துப் பொட்டலம் போலக் கட்டி நீட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஆளுக்கு எதற்கு இரண்டு ஸ்பேனர் என்று கேட்கவில்லை. தனியாகவா போகிறீர்கள் என்றுதான் கேட்டார். ஆமாம் என்றேன்.

எங்கள் பையில் எப்போதும் இரண்டு ஸ்பேனர்தான். இருபத்திரண்டு வருடமாக, வருடத்துக்கு ஒரு தடவை, நானும் என் கணவரும் சைக்கிள்களோடு இதே பேருந்தில் ஏறி, நெடுஞ்சாலை பிரியும் இடத்தில் இறங்கி, இரவெல்லாம் மிதித்து, விடியும்போது கடலோரத்துக் கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேருவோம். பகலில் அந்தச் சாலையில் வெயிலும் லாரியும் ஆளைக் கொன்றுவிடும். இரவில் சாலை நமக்குத்தான் என்பார்.

போன வருடக் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "கொஞ்ச நாள் தனியா இருந்து பாக்கணும்னு தோணுது" என்றார். சோபாவை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போடலாமா என்று கேட்கிற அதே குரல். ஐம்பத்தெட்டு வயது. சண்டை இல்லை, இன்னொரு பெண் இல்லை. ஊரின் அந்தக் கோடியில், சாவி செய்யும் கடைக்கு மேலே ஒற்றை அறை பார்த்து வைத்திருந்தார். நான் சரி என்றேன்.

அந்தச் 'சரி'யைத்தான் என் மகளால் பொறுக்க முடியவில்லை. "ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்லம்மா" என்று இன்றைக்கும் கேட்பாள். நானும் தேடிப் பார்த்தேன், திட்ட ஒன்றும் அகப்படவில்லை. அழுகையும் வரவில்லை. மறுநாள் வழக்கம்போல எட்டரைக்கு வேலைக்குப் போனேன். பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. டாக்டர் வலப்பக்கம் நிற்பார், நான் இடப்பக்கம் நின்று வாயைத் திறந்து பிடித்திருப்பேன். ஊசி போட்டுப் பல் பிடுங்கியவர்களிடம் ஒவ்வொரு தடவையும் நான் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு: ரெண்டு மணி நேரத்துக்கு எதையும் மெல்லாதீங்க, உதட்டைக் கடிச்சுக்கிட்டாலும் உங்களுக்குத் தெரியாது. அவர்கள் கோணிய வாயோடு தலையாட்டுவார்கள். எனக்கு அந்த இரண்டு மணி நேரம் ஒன்பது மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் தனியாகப் போகிறேன் என்றதும் மகள் இடுப்பில் கை வைத்தாள்.

"உனக்கென்ன மறை கழண்டுடுச்சா?"

"போகணும்போல இருக்கு."

போகணும்போலவும் இல்லை. போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அவ்வளவுதான். அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு அவள் ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தாள்.

"காலையில ஆறரைக்குள்ள லைட் ஹவுஸ் முன்னாடி நின்னு எனக்கு போட்டோ அனுப்பணும். வரலைன்னா கார் எடுத்துட்டுக் கிளம்பிடுவேன். நான் வர்ற மாதிரி ஆச்சுன்னா, சைக்கிளை வித்துட்டு நேரா என் வீட்டுக்குத்தான். இதுக்கு மேல பேச்சே கிடையாது."

சரி என்றேன். எனக்குத்தான் அது கைவந்த வார்த்தையாயிற்றே. அவள் வீட்டுப் பின்னறையில் எனக்காகக் கட்டில் போட்டு, பூப்போட்ட திரைகூட மாட்டிவிட்டாள். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அங்கே நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள். வேளாவேளைக்கு மாத்திரை வரும், நான் வெளியே கிளம்பினால் எங்கே என்று அன்பாகக் கேட்பார்கள். அந்தத் திரையைப் பார்த்தபோது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த அறைக்குப் போகக் கூடாது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பேருந்தில் பக்கத்து இருக்கை காலி. அதில் ஹெல்மெட்டை வைத்தேன். வருத்தமாக இருக்கிறதா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன், இல்லை. முன்னிருக்கைக்காரர் சாய்ந்து என் முழங்காலை நசுக்கினார், அதுவும் பெரிதாகத் தெரியவில்லை.

பத்தரைக்குப் பெட்ரோல் பங்க் முன்னால் இறக்கிவிட்டார்கள். இஞ்சினை அணைக்கவே இல்லை. கிளீனர் சைக்கிளைத் தூக்கி வைத்து, "பாத்துப் போங்கம்மா" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பங்க் வெளிச்சத்தில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினேன். வலப்பக்கப் பெடலை மாட்டினேன். பிறகு அந்தப் பொட்டலத்தைப் பிரித்து மறுபக்கம் போய் உட்கார்ந்தேன்.

அது பிடிக்கவே இல்லை. உலகத்தில் எந்தத் திருகாணியையும் திருகுவதுபோல வலமாகத்தான் திருகினேன். வழுக்கி வழுக்கி வெளியே வந்தது. தூசி இருக்கும் என்று துடைத்தேன், எண்ணெய் விட்டேன், கொஞ்சம் சாய்த்துப் பிடித்து ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். நாளெல்லாம் பிறத்தியார் தாடையைப் பிடித்துப் பழகிய கை. நறநறவென்று ஒரு சத்தத்தோடு ஏறியது. லேசாகக் கோணலாக நின்றாலும் அசையவில்லை. பரவாயில்லையே, ஆள் இல்லாமல் முடித்துவிட்டோமே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் மூன்று மணி நேரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்விளக்கின் வட்டம் சாலையில் ஓடும், நான் அதன் பின்னால் போவேன். மூடிய கடைகள், எழுந்து குரைக்கச் சோம்பல்பட்ட நாய்கள், நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போன ஒரே ஒரு லாரி. முன்பெல்லாம் எனக்கு முன்னால் அவருடைய பின்விளக்கு சிவப்பாகப் போய்க்கொண்டிருக்கும். அது இல்லாததைக் கவனித்தேன். ஒரு மணிக்கு மேல் இடக்கால் ஆட்டம் கண்டதுபோல இருந்தது, செருப்பு தளர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்றே முக்காலுக்கு, ஒரு பாலத்தின் மேட்டில் எழுந்து நின்று மிதித்தபோது, இடக்கால் வெறும் காற்றில் இறங்கியது. எப்படியோ விழாமல் காலை ஊன்றிவிட்டேன். பெடல் ரோட்டில் உருண்டு கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது. எடுத்து விளக்கில் காட்டினேன். அதன் மறையில் அலுமினியச் சீவல் சுருள் சுருளாகச் சிக்கியிருந்தது. பெடல் மாட்டும் அலுமினியக் கைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், துளை வழவழவென்று இருந்தது. திரும்ப மாட்ட வழியே இல்லை.

இன்னும் முப்பது கிலோமீட்டர். உருட்டிக்கொண்டு நடந்தால் எட்டு மணி ஆகிவிடும். மகளைக் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுப்பாள். அவள் போனோடுதான் படுத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். பூப்போட்ட திரை கண் முன்னால் வந்தது. போனை எடுத்து, ஒன்பது மாதமாகக் கூப்பிடாத எண்ணை அழுத்தினேன்.

"என்ன?" என்றார். பதறவில்லை. தூக்கக் குரல்.

"சைக்கிள்ல இடது பக்கப் பெடல், அதை எந்தப் பக்கம் திருகணும்?"



"எதிர்ப்பக்கம். இடது பக்கமா. அது மட்டும் மாத்திதான் மறை போட்டிருப்பாங்க. உனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னதே இல்லையே."

"எதுக்குச் சொல்லணும்? அந்தப் பக்கம் எப்பவும் நான்தானே உக்காருவேன்." பிறகு, "காத்து சத்தம் கேக்குது. எங்க இருக்க?" என்றார்.

"வீட்டுலதான். ஜன்னல் திறந்திருக்கு."

"காலையில வந்து மாட்டிக் குடுக்கட்டுமா?"

சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வேண்டாம்" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒவ்வொரு சைக்கிளையும் சேர்ந்தே கழற்றி மாட்டியிருக்கிறோம். அந்தப் பக்கம் வேறு மாதிரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அந்த மனிதர். நானும் ஒரு தடவைகூட எழுந்து சுற்றிப் போய்ப் பார்க்கவில்லை. பாலத்தின் நடுவில் நின்று, ஆள் இல்லாத சாலையைப் பார்த்து, அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கெட்ட வார்த்தைகள் இத்தனை எனக்குத் தெரியும் என்று எனக்கே தெரியாது. நடுவில் என்னையும் சேர்த்துத் திட்டினேன். மூச்சு வாங்கி நிறுத்தியபோது வாயில் உப்புக் கரித்தது. கீழுதட்டைக் கடித்திருக்கிறேன். விரலால் தொட்டேன், நன்றாக வலித்தது.

பொதி கட்டும் பட்டையை அவிழ்த்து, வலக்காலைப் பெடலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அப்போதுதான் மிதிப்பதோடு மேலே இழுக்கவும் முடியும். கழன்ற பெடலைச் செய்தித்தாளில் சுற்றிப் பையில் போட்டேன். மணி இரண்டு ஐந்து. பாலத்தின் இறக்கம் கொஞ்ச தூரம் இலவசமாகக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு ஒற்றைக்கால்தான்: ஒரு மிதி, ஒரு இழுப்பு, நடுவில் ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றுவிடப் பார்த்தது. இடப்பக்கத்து அலுமினியக் கை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. இடக்கால், கீழே ஒன்றும் இல்லை என்பது இன்னும் எட்டாமல், காற்றில் ஏறி இறங்கி ஏறி இறங்கி வெகுதூரம் கூடவே மிதித்துக்கொண்டு வந்தது.