கூரை மேய்ந்தது யார்?

1

இந்தக் கதை மழையில் கிடைத்தது. 1952, ஐப்பசி. குழித்துறை கோர்ட்டு வராந்தாவில் ஒதுங்கி நின்றேன். சட்டைக்குள் ஒரு ருஷ்ய நாவலின் மொழிபெயர்ப்பு இருந்தது. நான் நனையலாம், அது நனையக்கூடாது.

உள்ளே கூண்டில் நின்ற ஒரு பெண்ணிடம் வக்கீல் மலையாளத்தில் கேட்டார்: "இந்த வருஷம் அந்த வீட்டுக்குக் கூரை மேய்ந்தது யார்?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. சற்றுத் தள்ளி நின்ற ஒருவர், வீட்டுக்காரராக இருக்கவேண்டும், தோள்முண்டைப் பிழிந்துகொண்டே தலையைக் குனிந்தார். அதற்குள் என் பஸ் வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் கட்டியது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "பனி கொட்டிய அந்த மாலையில், ரோமக் கோட்டு அணிந்த வீட்டுக்காரன் கதவைத் தட்டி..."

(அடித்துவிட்டேன். குழித்துறைக்குப் பக்கத்துப் புதுக்கடையில் ஏது பனி? நான் படித்த நாவல்களில் வீட்டுக்காரன் என்றாலே கெட்டவன். நான் பார்த்தவரோ தோள்முண்டைப் பிழிந்துகொண்டு நின்றார்.)

இரண்டாவது: "தங்கையன் இலங்கையிலிருந்து திரும்பியபோது அவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இருந்தது. அதில் அவரால் குடியிருக்க முடியவில்லை."

இது இருக்கட்டும்.

3

வீடு புதுக்கடைச் சந்தைக்குப் பக்கத்தில். மண்சுவர், ஓலைக்கூரை, இரண்டு அறை. தேயிலைத் தோட்டத்துக்குப் போகும்போது அதைச் செல்லக்கனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார். கணவனை இழந்த அவள் அங்கேயே ஆப்பம் சுட்டு விற்கிறாள். சந்தைக்கு வருகிறவர்கள் விடியும்போது தேடி வருவது அந்த அடுப்பைத்தான். வேறு தெருவுக்குப் போனால் யாரும் பின்னால் வரமாட்டார்கள்.

தங்கையனும் மனைவி நாகம்மையும் இப்போது மயிலாடியில், அவளுடைய அண்ணனின் சிற்பக் கொட்டகையில், பாதி முகம் செதுக்கிய சிலைகளுக்கு நடுவே படுக்கிறார்கள். கல்தூசியில் நாகம்மைக்கு இருமல் நிற்பதில்லை.

அவருடைய வக்கீல் சட்டத்தைச் சுருக்கமாகச் சொன்னார்: "உமக்குத் தாமசிக்க வேறு வீடில்லை, தேவை உண்மையானது என்று காட்டினால் வீடு கிடைக்கும். நோட்டீஸ் கொடுப்போம். நீர் ஆள்விட்டு மிரட்டக்கூடாது, பானை சட்டியைத் தூக்கித் தெருவில் போடக்கூடாது. முக்கியமாக, அந்தப் பக்கமே போகாதேயும்."*

* சட்டம் இவ்வளவுதானா என்று தெரியாது. ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டு எழுதினேன். அவருக்கு நாவல் என்றால் பிடிக்காது.

4

வைகாசி பாதியாகப்போகிறது. அந்த ஊரில் வாடகை வீட்டுக்கு, வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் கூரை மேய்வது சொந்தக்காரரின் வேலை. மேய்ந்துவிட்டால், அடுத்த இடவப்பாதி வரை இருந்துகொள் என்று சொன்னதாக அர்த்தம். அந்த வருஷம் யாரும் மேயவில்லை. நோட்டீஸ் கொடுத்தவர் ஏன் மேய்வார்? போகப்போகிறவள் ஏன் மேய்வாள்?

ஆனால் மேகம் கறுத்ததும் தங்கையன் ஓலைக்கட்டோடு புதுக்கடையில் வந்து இறங்கினார். மண்சுவர் ஒரு மழைக்குத் தாங்காது. அவர் கூரைமேல் ஏறியதும் செல்லக்கனி கீழே நின்று கத்தினாள்.

"அண்ணேன், கீழ இறங்கும். ஒம்ம வக்கீல் பாத்தா ஒம்மளத் தின்னு போடுவாரு."

"எனக்க வீடு கரையதை நான் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

"வீடு கரையதுதான் சங்கடம். உள்ள இருக்க நான் கரைஞ்சா ஒண்ணுமில்ல, அப்படித்தானே?"

"நீ வீட்ட ஒழிஞ்சு தந்திருந்தா எதுக்குக் கரையப்போற?"

"நான் போவேன். எனக்க அடுப்பு எங்க போவும்?"

"பேச்ச விட்டுட்டு ஓலைய எடுத்துத் தா."

அவள் எடுத்துக் கொடுத்தாள். அடுப்புக்கு நேர் மேலே அவர் இரண்டு அடுக்கு வைத்தார்.

"அங்க மட்டும் எதுக்கு ரெண்டு?"

"நாளைக்கு நாகம்மை சோறு பொங்கப்போற இடம்லா."

அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "மயினிக்கு இருமல் எப்படி இருக்கு?"

"ஒறக்கமே கிடையாது."

அவர் இறங்கி வந்தபோது வாழையிலையில் பொதிந்த இரண்டு ஆப்பத்தை நீட்டினாள். "மயினிக்கு. நீரு வழியில தின்னுபோடாதயும்."

மயிலாடியில் நாகம்மை இலையைப் பிரித்தாள். "ஒம்மள வக்கீல் போவாதன்னாருல்லா? வழக்கத் தோத்துக்கிட்டு ஆப்பம் வாங்கிக்கிட்டு வந்திருக்கீரு." சொல்லிவிட்டு ஒன்றைத் தின்றாள். மற்றதை அவரிடம் தள்ளினாள்.

5

செல்லக்கனியின் வக்கீலுக்கு விஷயம் டீக்கடையில் தெரிந்தது. அவர் கூண்டில் நின்றவளிடம் கேட்டதுதான் வராந்தாவில் நின்ற என் காதில் விழுந்தது.

"அண்ணேன்தான்" என்று அவள் சொன்னால் அடுத்த இடவப்பாதி வரை அடுப்பு அங்கே எரியும். நாகம்மை கொட்டகையில் இருமிக்கொண்டிருப்பாள்.

"நான்தான் ஆளு வச்சு மேஞ்சேன்" என்று சொன்னால் வீடு தங்கையனுக்கு. அவள் ஆப்பச்சட்டியைத் தூக்கிக்கொண்டு

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.)

மூன்றாவதாக ஒன்றும் எழுதிப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்குமுன் தங்கையன் "நான்தான் மேஞ்சேன், எசமானே" என்று கத்துகிறார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். எல்லோரும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்கிறார்கள். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் நம்பவில்லை. இரண்டே அறை, ஒரே அடுப்பு. கார்த்திகைக்குள் சண்டை வந்துவிடும்.

செல்லக்கனி மீதும் சந்தேகம் உண்டு. ஒரு வருஷத்துக்கான கூரையைப் பொய் சொல்லி விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் மெய்யைச் சொல்ல மட்டும் அத்தனை நேரம் எதற்கு?

ஒன்றை மட்டும் நான் கட்டவில்லை, கண்ணால் கண்டேன். கேள்வி கேட்கப்பட்டதும் அந்தப் பெண் வக்கீலைப் பார்க்கவில்லை. தோள்முண்டைப் பிழிந்துகொண்டிருந்த மனிதரையும் பார்க்கவில்லை. அண்ணாந்து, மழை விழும் கோர்ட்டுக் கூரையைப் பார்த்தாள்.

அப்போதுதான் என் பஸ் வந்தது. உங்களுக்கு அவசரமில்லை. அவள் பேசப்போகிறாள், கொஞ்சம் நின்று கேளுங்கள்.