தொண்ணூற்றெட்டு சதவீதச் சிரிப்பு

மருத்துவமனைக் கழிப்பறை வாசலில் மாட்டியிருந்த, கருத்துக் கேட்கும் சின்னத் தொடுதிரையைத் துப்புரவுக்காரம்மா ஈரத்துணியால் துடைத்தார். சிரிக்கும் பச்சை முகத்தின் மேல் துணி போய்வந்த ஒவ்வொரு முறையும் ‘டிங்’ என்றது. எதிர் பெஞ்சில் இருந்த, அந்தக் கழிப்பறையின் வடிவமைப்பாளர் டிங்குகளை எண்ணினாள்.

"அக்கா, தினமும் இப்படித்தான் துடைக்கிறீங்களா?"

"பின்ன? பளபளன்னு இருக்கணும்னு உங்க ஆபீஸ்லதானே சொன்னாங்க. ஒரு நாளைக்கு நாலு வாட்டி."

அந்த டிங்குகள்தான் ‘நோயாளிகளில் தொண்ணூற்றெட்டு சதவீதம் பேருக்குத் திருப்தி’ என்று அறிக்கையில் ஏறியிருந்தன. இன்று அவள் அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டால், இதே கழிப்பறை இன்னும் நாற்பது மருத்துவமனைகளில் எழும்பும்.

இந்த வேலைக்கு முன் அவள் தையல் கடையில் ஆறு வருஷம், ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் வேலையில் மூன்று வருஷம் இருந்தாள், அப்புறம் பெயர்ப்பலகை எழுதினாள். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்" என்று அண்ணன் வாய் ஓயாமல் குத்துவான். மனிதரை மையமாக வைத்து வடிவமைக்கிறோம் என்கிற அலுவலகமோ அதற்காகவே அவளை எடுத்தது. உடம்பை அளந்தவள், பதறும் குரல்களைக் கேட்டவள். அப்படிப்பட்டவள் ஏசி அறைச் சுவரில் யோசனை எழுதிய வண்ணத்தாள்களை ஒட்டி விளையாடி இதை வரைந்திருக்கிறாள். தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

வார்டிலிருந்து ஒரு பெண் குளுக்கோஸ் தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு வந்தாள். கதவு உள்பக்கம் திறப்பது. கம்பியும் அவளும் உள்ளே போனபின் கதவு மூடவில்லை. நடைவழியெங்கும் ஆண்கள். மூன்று தடவை கம்பியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தாள். அதற்குள் அவள் காலடியில் ஈரம் பரவிவிட்டது.

போன் அடித்தது. இயக்குநர்.

"என்னம்மா, கையெழுத்து ஆச்சா? அந்தத் திரையில இருக்கிற பச்சை நம்பரை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

"அது சிரிப்பு இல்ல சார். துடைக்கிற துணி."

"அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா."

அந்தப் பெண் தலைநிமிர்ந்தாள். "இதைக் கட்டினது நீங்களா?"

"வரைஞ்சது நான்தான்மா."

"ஒரு தடவையாவது உள்ள உட்கார்ந்து பாத்தீங்களா?"

துப்புரவுக்காரம்மா அந்தப் பெண்ணை உடை மாற்ற அழைத்துப் போனார். வடிவமைப்பாளர் வார்டிலிருந்து ஒரு காலிக் கம்பியை உருட்டி வந்தாள். ஈரத்தை மிதித்தே உள்ளே போய் உட்கார்ந்தாள். கதவு கம்பியில் இடித்துப் பாதியில் நின்றது. வெளியே ஒருவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார், இன்னொருவர் திருப்பவில்லை. தன் முழங்காலும் கம்பியும் அந்த ஆளின் கண்களும் தெரியும்படி படம் எடுத்து இயக்குநருக்கு அனுப்பினாள்.

உடனே போன் அலறியது. அவள் எடுக்கவில்லை. மூடாத கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.